ஜாஸ்பர் வனத்தில் நான்கு நாட்கள்

இருபது ஆண்டுகளாக வகுப்பறையிற் பூமிசாஸ்திரம் கற்பித்து வருகின்றேன். கரும்பலகையில் றொக்கி மலைத்தொடரை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது. வட அமெரிக்காவின் மேற்குப் புறத்தில், மேலிருந்து கீழாக, மீன்முள்ளைப் போன்ற ஒரு நீண்ட கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டினுள்ளே நானே ஒருநாள் நுழைந்து நிற்பேன் என்று எண்ணியதில்லை. 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அந்த வாய்ப்பு எதிர்பாராதவிதமாகக் கிட்டியது.

என் மூத்த தமையனார் 1987 இல் நாட்டைவிட்டுச் சென்றவர். எங்களிருவருக்கும் இடையிற் சகோதரிகள் நால்வர். ஆகவே அவர் எனக்குத் தமையனார் என்பதிலும் பார்க்கத் தகப்பனார் என்பதே பொருந்தும். இன்று றொறன்ரோ நகரில் ஓய்வு பெற்று வாழ்கின்றார். “எனக்குக் கால் நடக்கும்போதே ஒருமுறை வந்து போ, தம்பி” என்று எழுதி, விமானச் சீட்டையும் அனுப்பி வைத்தார். அவருடைய மகள், அதாவது என் பெறாமகள், மேற்கே எட்மன்ரன் நகரில் வனவியல் கற்றுப் பட்டம் பெற்று அங்கேயே பணி புரிகின்றாள். “சித்தப்பா வந்தால் மலைக்காடு காட்டுவேன்” என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆகவே தமையனார், அண்ணியார், பெறாமகள், நான் ஆகிய நால்வரும் எட்மன்ரனிலிருந்து ஒரு விடியற்காலையிற் காரிற் புறப்பட்டு, 300 கிலோமீற்றருக்கு மேல் மேற்கே ஓடி, நண்பகலுக்குச் சற்று முன்னர் வனத்தின் வாயிலை அடைந்தோம்.

ஜாஸ்பர் தேசிய வனம் ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீற்றர் விஸ்தீரணமுடையது. வெறும் எண்ணைச் சொன்னால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது என்பது என் அநுபவம். ஆகவே வேறு விதமாகச் சொல்கின்றேன். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலப் பத்தினை அதனுள் அடக்கலாம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு உட்பட நமது வடமாகாணம் முழுவதையும் அதனுள் வைத்த பின்னரும் இடம் மிஞ்சும். வில்பத்துவைப் போல எட்டு மடங்கிலும் அதிகம். கனடாவின் றொக்கி மலைத் தேசிய வனங்களுள் மிகப் பெரியது இதுவே. 1907 ஆம் ஆண்டிலே வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 1984 இல், அயலிலுள்ள ஏனைய மலைவனங்களோடு சேர்த்து, உலக மரபுரிமைச் சொத்தாக யுனெஸ்கோ ஸ்தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. உரோமத்தோல் வியாபாரக் காலத்தில் இங்கிருந்த களஞ்சியமொன்றை நடத்திய ஜாஸ்பர் ஹோஸ் என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது.

வனத்தின் நடுவே ஜாஸ்பர் என்ற சிறு பட்டினம். கடல்மட்டத்துக்கு மேலே 1,060 மீற்றர்தான்; நுவரெலியா அதைக் காட்டிலும் எண்ணூறு மீற்றர் உயர்ந்தது. ஆயினும் சூழ நிற்கும் சிகரங்களுட் பல நமது பீதுருதாலகாலை மலையைக் குனிந்து பார்க்கத்தக்கவை. பட்டினத்திலிருந்தே தெரியும் எடித் கவல் சிகரம் 3,363 மீற்றர். ஓகஸ்ட் மாதத்திலும் அதன் தோளிற் பனி கிடந்தது.

வாயிலைக் கடந்ததும் பெருந்தெரு இரண்டு ஏரிகளுக்கிடையே ஒரு வரம்பைப்போலச் செல்கின்றது. ஒரு புறம் தல்பற் ஏரி. மறுபுறம் அதபாஸ்கா நதி அகன்று பரந்து ஆழமின்றிக் கிடக்கும் ஜாஸ்பர் ஏரி. அதன் கரையில் மணற்குன்றுகள் இருப்பதைக் கண்டு அண்ணியார், “இது என்ன, மணற்காடா?” என்றார். அந்தக் கணத்தில் எனக்கும் வடமராட்சிக் கிழக்கு நினைவுதான் வந்தது. சற்று அப்பால், தெருவோரப் பாறையிற் பெருங்கொம்புச் செம்மறிகள் ஏழெட்டு நின்று, கல்லை நக்கிக்கொண்டிருந்தன. பாறையிலுள்ள உப்புச் சத்துக்காக அவை இவ்வாறு இறங்கி வருமாம். கடாவின் கொம்பு, காதைச் சுற்றி வளைந்து மீண்டும் முகத்துக்கு முன்னே வந்து நின்றது. வண்டிகள் வரிசையாக நின்றும் அவை எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்லவேண்டும். மான், செம்மறி முதலியவற்றிலிருந்து 30 மீற்றர். கரடி, ஓநாய் முதலியவற்றிலிருந்து 100 மீற்றர். அதற்குட் கிட்டப் போகலாகாது. உணவு கொடுத்தல் சட்டப்படி குற்றம். எங்கள் வண்டியில் அண்ணியார் கட்டிவந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியற் குழம்பும் இருந்தன. பெறாமகள் அவற்றைக் கண்ட நேரந் தொடங்கி அதிகாரியாக மாறிவிட்டாள். குடிலின் வாசலில் வைத்து உண்ணக்கூடாது; மிச்சத்தைக் குப்பையில் வீசக்கூடாது; கரடி திறக்கமுடியாத இரும்புத் தொட்டியில் மட்டுமே போடவேண்டும். மனிதர் உணவின் ருசியறிந்த கரடி மீண்டும் மீண்டும் வரும். ஈற்றில் அதைச் சுட்டுக் கொல்லவேண்டிவரும் என்று அவள் விளக்கினாள். “என் குழம்பு ஒரு கரடியைக் கொல்லுமா?” என்று அண்ணியார் கேட்டார். கொல்லும் என்றாள் மகள். அன்றிரவு சட்டியைக் கழுவியவர் அண்ணியாரே. கழுவிய பின்னர் ஒருமுறை முகர்ந்தும் பார்த்தார்.

பட்டினத்தை நெருங்கியபோது எங்கள் பேச்சு நின்றுவிட்டது. மலைச்சரிவு முழுவதும் கறுப்பு. ஊசியிலை மரங்கள் கிளையும் இலையுமின்றி, நட்ட கம்பங்களைப் போல ஆயிரமாயிரமாய் நின்றன. 2024 ஆம் ஆண்டு ஜூலை 22 ஆந் திகதி இரவு, இந்த வனத்திலிருந்த ஏறத்தாழ 25,000 பேரும் வெளியேறவேண்டுமென உத்தரவாயிற்று. ஜூலை 24 மாலை தீ பட்டினத்தினுட் புகுந்தது. 1,113 கட்டடங்களில் 358 அழிந்தன, அதாவது மூன்றிலொன்று. வெளியேறியவர் அனைவரும் உயிர் தப்பினர். பின்னர் தீயணைப்பு வேலையில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஒருவர் மரம் வீழ்ந்து மாண்டார். காட்டில் 30,000 ஹெக்டேயருக்கு மேல் எரிந்தது.

நாங்கள் சென்றபோது ஓராண்டு கழிந்திருந்தது. ஒரு தெருவில் வீடுகள் அப்படியே நின்றன, பூச்சாடிகளில் மலர்கள், அடுத்த தெருவில் வெறுங் காணிகள், கம்பி வேலிகள், சில இடங்களில் மாத்திரம் புதிய மரச்சட்டங்கள். வீடிழந்தோர் பலருக்குத் தற்காலிகமான பெட்டி வீடுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தமையனார் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு வெறுங் காணியின் முன் நெடுநேரம் நின்றார். அங்கே படிக்கட்டு மாத்திரம் மிஞ்சியிருந்தது. மூன்று சீமெந்துப் படிகள். அவற்றுக்கு அப்பால் ஒன்றுமில்லை. அவர் என்ன நினைத்தாரென்று நான் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் அறிந்த வேறொரு வீட்டுக்கும் படிகள் மாத்திரமே எஞ்சின.

மறுநாட் காலை மலீன் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். மலீன் என்பது பிரெஞ்சுச் சொல்; கெட்டது, பொல்லாதது என்று பொருள். 1846 இல் டி ஸ்மெற் என்ற பாதிரியார் ஆற்றைக் கடக்கப் பட்ட பாட்டினால் அதற்கு வைத்த பெயர், பின்னர் ஏரிக்கும் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒட்டிக்கொண்டது. ஏச்சுச் சொல்லொன்று இத்தனை அழகான இடத்துக்குப் பெயராய் நிலைத்திருப்பது வேடிக்கைதான்.

பட்டினத்திலிருந்து ஏறக்குறைய 27 கிலோமீற்றரில் மெடிசின் ஏரி. நீளம் ஏழு கிலோமீற்றர் வரை இருக்கும். மேலேயிருந்து மலீன் ஆறு இதனுள் வந்து விழுகின்றது. ஆனால், வாசகர்களே, இந்த ஏரியிலிருந்து வெளியே செல்லும் ஆறு எதுவும் கண்ணுக்குத் தென்படாது. கோடையிற் பனிக்கட்டி உருகி நீர் பெருகும்போது ஏரி நிரம்பித் ததும்பும். இலையுதிர்காலம் வந்ததும் நீர் நாளுக்கு நாள் குறைந்து, குளிர்காலத்தில் ஏரியென்பதே இல்லாமற் போய், சேற்றுத் தரையும் சில வாய்க்கால்களுமே எஞ்சும். முற்காலத்துப் பூர்வ குடிகள் இதனை மாயசக்தி படைத்த நீர்நிலையென எண்ணி அஞ்சினர் என்பர்; அதனாலேயே இப்பெயர்.

யாழ்ப்பாணத்தவனுக்கு இந்த மாயம் உடனே விளங்கிவிடும். இந்த மலைகள் சுண்ணாம்புக்கல். ஏரியின் அடித்தளத்தில் துவாரங்கள் பல. நீர் அவற்றினூடாக நிலத்தினுட் புகுந்து, ஏறத்தாழ 17 கிலோமீற்றர் பாதாள வழியாக ஓடி, கீழே மலீன் கணவாயிற் பாறை வெடிப்புகளிலிருந்து ஊற்றுகளாக மீண்டும் பொங்குகின்றது. உள்ளே வரும் நீர் துவாரங்கள் குடிக்கும் அளவிலும் அதிகமாயிருந்தால் ஏரி நிரம்பும், குறைந்தால் வற்றும். 1970 களில் ஆராய்ச்சியாளர் ஏரியிற் சாயமொன்றைக் கரைத்துவிட்டுக் காத்திருந்தபோது, அச்சாயம் அயலிலிருந்த பல ஏரிகளிலும் ஊற்றுகளிலும் வெளிப்பட்டது. வற்றாத நதி ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், கீரிமலையில் நன்னீர் கடலருகே ஊறுவதையும், நிலாவரைக் கிணறு இறைக்க இறைக்கக் குறையாதிருப்பதையும் பார்த்து வளர்ந்த எமக்கு, நீர் கல்லுக்குள்ளே நடக்கும் என்பது புதிய செய்தியல்ல. மெடிசின் ஏரிக்கரையில் நின்று தமையனாரும் நானும் நிலாவரையைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். சிறுவயதில் அதனுள் எலுமிச்சம்பழம் போட்டாற் கீரிமலையில் மிதக்குமென்று எங்கள் ஆச்சி சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. பெறாமகள் சிரித்தாள். “அதுவும் சாயப் பரிசோதனைதானே, அப்பா” என்றாள்.

1950 களில் இந்த ஏரியினூடாகப் பிரயாணிகளைப் படகில் ஏற்றிச் சென்றவர்களுக்கு, கோடை முடியுமுன் நீர் வற்றுவது பெருந் தொல்லையாயிற்று. ஆகவே துவாரங்களை அடைக்க முற்பட்டார்கள். மண்மூட்டைகள் போட்டார்கள், மெத்தைகளைத் திணித்தார்கள், ஈற்றில் இரண்டு லொறி நிறையப் பழைய சஞ்சிகைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏரி அனைத்தையும் விழுங்கிவிட்டு வழமைபோல் வற்றியது. வாராவாரம் சஞ்சிகைகளுக்கு எழுதும் என்போன்றோர் இந்தச் சம்பவத்தைச் சற்று அடக்கத்துடன் நினைவு கூர்தல் நலம்.

ஏரியின் ஒரு கரை 2015 ஆம் ஆண்டில் மின்னலால் மூண்ட காட்டுத்தீயில் எரிந்தது. பத்தாண்டாகியும் கருகிய மரங்கள் நிற்கின்றன. ஆனால் அவற்றின் காலடியில் முழங்காலளவும் இடுப்பளவும் வளர்ந்த இளம் பைன்கள் நெருக்கமாய் முளைத்திருந்தன. இந்தப் பைன் இனத்தின் காய்களிற் பல பிசினால் இறுக மூடப்பட்டு வருடக்கணக்காக மரத்திலேயே இருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் உருகினாலே வாய் திறந்து விதை சிந்தும். கரிய தரையெங்கும் ஊதா கலந்த செந்நிறப் பூக்கள்; தீ சென்ற இடத்தில் முதலில் முளைப்பதால் அதனைத் தீப்பூண்டு என்றே அங்கு அழைக்கிறார்கள். அன்று நாங்கள் கரடியைக் கண்டதும் அந்தப் பூக்களின் நடுவேதான். கருங்கரடி ஒன்று, சிறு பற்றைகளைக் கையால் வளைத்து, செந்நிறப் பழங்களை வாயால் உருவிக்கொண்டிருந்தது. காருக்குள் இருந்தே பார்த்தோம். அது ஒருமுறை தலைநிமிர்ந்து நோக்கிவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தது. அண்ணியார் கார்க் கண்ணாடி பூட்டியிருக்கிறதா என்று மூன்று தரம் விசாரித்தார்.

மேலும் இருபது கிலோமீற்றர் சென்றால் மலீன் ஏரி. 22 கிலோமீற்றர் நீளம்; இரு புறமும் பனி மூடிய சிகரங்கள். பனிக்கட்டி பாறையை அரைத்த மா நீரிற் கலந்து மிதப்பதால் ஏரியின் நிறம் மயிற்கழுத்தின் நீலமும் பச்சையுமாய் இருக்கிறது. படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறையச் சென்றால் ஸ்பிரிற் தீவு. தீவென்று பெயர்தான், நீர் மட்டம் உயர்ந்த காலத்தில் மட்டுமே தீவு, ஏனைய நாட்களில் ஒரு மெல்லிய மண்கழுத்து அதனைக் கரையோடு இணைக்கும். ஸ்டோனி நகோடா மக்களுக்கு அது புனித ஸ்தலம். ஆகவே அதில் எவரும் கால் வைப்பதில்லை. கரையில் நின்று பார்க்கலாம். சிறு பாறைத்திட்டில் இருபது முப்பது மரங்கள், பின்னே நீர், அதற்கும் பின்னே மலைகளின் அரை வட்டம். இதனைப் படத்திற் காணாதவர் குறைவு. ஆயினும் எல்லாப் படங்களும் ஒன்றை மறைத்துவிட்டன என்று எனக்குத் தோன்றியது. அங்கே நிலவிய அமைதியை எவரும் படம்பிடித்திலர்.

இந்த ஏரியை 1908 இல் மேரி ஷெஃபர் என்ற பெண்மணி ‘கண்டுபிடித்தார்’ என்று நூல்கள் கூறும். பிலடெல்பியாவைச் சேர்ந்த விதவை, ஓவியர், குதிரையேறி மாதக்கணக்கில் மலைகளிற் சுற்றிய தைரியசாலி. 1907 இல் தேடியும் ஏரி அகப்படவில்லை. பின்னர் சாம்சன் பீவர் என்ற ஸ்டோனி நகோடா மனிதர், தாம் சிறுவனாயிருந்தபோது தந்தையாருடன் சென்று பார்த்த வழியை, பல ஆண்டுகளுக்குப் பின்னர், ஞாபகத்திலிருந்தே ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தார். அடுத்த கோடையில் அந்தப் படத்தைப் பின்பற்றிச் சென்று மேரி ஷெஃபர் ஏரிக்கரையை அடைந்தார். அம்மக்கள் அதனைச் சாபா இம்னே என்று முன்னரே பெயரிட்டு வழங்கினர். பூமிசாஸ்திர ஆசிரியனாகிய எனக்கு அந்தக் காகிதத்தின்மீது தான் பெரும் பொறாமை. என் மாணவரை அன்று வந்த வழியை மறுநாள் வரையச் சொன்னாலே பாதி வழி காணாமற் போய்விடும்.

திரும்பும் வழியில் தமையனார் சட்டைப்பையிலிருந்து இருபத்தைந்து சதக் கனடிய நாணயமொன்றை எடுத்து என் கையில் வைத்தார். “இதிலே இருக்கும் மிருகம் எது, தெரியுமா?” கிளைத்த கொம்புகளுடைய ஒரு தலை. கரிபூ என்னும் துருவ மான். 1937 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாணயத்தில் இருந்து வருகின்றது. “மலீன் பள்ளத்தாக்கில் இதனைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். பெறாமகள் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமலே, “இனி இல்லை, சித்தப்பா” என்றாள்.

அந்தக் கதையை அவள் சொன்னபடியே சுருக்கித் தருகின்றேன். கரிபூவின் குளம்புகள் அகன்றவை. ஆழ்ந்த பனியில் அமிழாது நடந்து, உயர்ந்த சரிவுகளிற் கற்பாசியைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கும். ஓநாய் அந்தப் பனியில் அமிழும். ஆகவே அங்கு செல்லாது. வனத்தை நிர்வகித்தோர் ஒரு காலத்தில் ஓநாய்களைக் கொன்றனர். 1920 இல், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வனத்திலிருந்து ஏறத்தாழ நூறு எல்க் மான்களை இரயிலிற் கொண்டுவந்து விட்டனர், அவை பெருகின. 1959 உடன் ஓநாய் வேட்டை நின்றது. எல்க் நிறைய இருந்தமையால் ஓநாய்களும் பெருகின. குளிர்காலத்திலும் தெருக்களைப் பனி வழித்துத் திறந்துவைத்ததும், பனிச்சறுக்குவோர் தடங்களை மிதித்து இறுக்கியதும், கரிபூவின் மேட்டு நிலத்துக்கு ஓநாய்களுக்கு இராஜபாட்டை அமைத்துக் கொடுத்தன. ஒவ்வொருவரும் நல்லதையே எண்ணிச் செய்தனர். மலீன் பள்ளத்தாக்கின் கரிபூக் கூட்டம் அற்றுப்போயிற்று என்று 2020 இல் அறிவிக்கப்பட்டது. எஞ்சிய கூட்டங்களைக் காப்பதற்காக இப்பொழுது வனத்தினுள்ளேயே இனப்பெருக்க நிலையமொன்று அமைத்திருக்கின்றார்கள். நாணயத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வகுப்பிற் காட்டுவதற்கு வைத்திருக்கின்றேன்.

மூன்றாம் நாள் பனிக்கட்டி ஆற்றைக் காணத் தெற்கே சென்றோம். அது தனியே ஒரு கட்டுரைக்குரியது, இங்கே விடுகின்றேன்.

நான்காம் நாளைப் பற்றியே சொல்லவேண்டும். முதல்நாள் இரவு குடிலில் பெறாமகள் தன் கணினியில் இரண்டிரண்டாகச் சில நிழற்படங்களைக் காட்டினாள். 1915 இல் பிரிஜ்லண்ட் என்ற நில அளவையாளர், இவ்வனத்துச் சிகரங்களில் ஏறி, தேசப்படம் வரைவதற்காக எழுநூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1990 களின் இறுதியில் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் அதே இடங்களில் ஏறி நின்று, அதே திசையில் மீண்டும் படமெடுத்தனர். மலை மாறவில்லை, நதி பெரிதாக மாறவில்லை. ஆனால் 1915 ஆம் ஆண்டுப் படத்தில் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிறது. புல்வெளிகள், ஆங்காங்கே மரக்கூட்டங்கள், இளங்காடு. பிந்திய படத்தில் நதிக்கரை தொடங்கி மலையிடுப்பு வரை ஒரே கரும்பச்சைக் கம்பளி.

“புல்வெளியாக இருந்ததற்குக் காரணம்?” என்று ஆசிரியப் பழக்கத்தில் வினவினேன். 1889 இல் மூண்ட பெருந்தீ ஒரு காரணம் என்றாள். மற்றொன்று, மனிதர் வைத்த சிறு தீ. இப்பள்ளத்தாக்கில் மெற்றீ என்னும் கலப்பின மக்கள் வாழ்ந்தனர். உரோமத்தோல் வியாபாரிகளுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்கள். அவர்களும் பூர்வகுடிகளும் இளவேனிலில், பனி முற்றாக உருகுமுன், குதிரைகளுக்குப் புல் வளரும்படி வெளிகளை அளவாக எரித்துவந்தனர். நமது குடியானவர் அறுவடைக்குப் பின் தாள் எரிப்பதைப் போன்றது. 1907 இல் வனம் பிரகடனமானதும், வனத்தினுள்ளே குடியிருப்பது தவறாயிற்று. வீட்டுக்கும் வேலிக்கும் உழுத நிலத்துக்கும் ஒரு தொகை நட்டஈடு கொடுத்து, 1910 இல் அக்குடும்பங்களை வெளியேற்றினர். பலர் வடக்கே கிராண்ட் காஷ் பகுதிக்குப் போயினர். ஸ்விஃப்ற் என்ற ஒருவர் மாத்திரம் தமது காணிக்கு உறுதி பெற்று, பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். உறுதி என்ற சொல்லை நான் சொன்னதும் தமையனார் தலையை நிமிர்த்தினார்.

அதன்பின் தீ என்றாலே அணைக்கவேண்டும் என்பது கொள்கையாயிற்று. காடு அடர்ந்தது, ஒரே வயதுப் பைன்கள் நெருங்கி வளர்ந்தன. அண்மைக்காலத்தில் குளிர் தணியவே பைன் வண்டு உயிர் தப்பிப் பெருகி, ஏராளமான மரங்களை நின்ற நிலையிலேயே கொன்றது. பட்டினத்தைச் சுற்றி மரங்களைக் குறைத்தும், திட்டமிட்டு எரித்தும் சில காலமாக முயன்றுதான் வந்தார்கள். 2024 ஜூலையில் வெயிலும் காற்றும் முந்திக்கொண்டன. தீக்கு ஒரு காரணம் மட்டும் சொல்வது சாஸ்திரமாகாது என்று பெறாமகள் என்னை எச்சரித்தாள். அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

நான்காம் நாட் பிற்பகல், பட்டினத்துக்கு வடகிழக்கே அதபாஸ்கா நதியின் மறுகரையில் ஒரு சரளைத் தெருவாற் சென்று, மோபர்லி குடும்பத்தின் பழைய குடியிருப்பைப் பார்த்தோம். ஈவன், ஜோன் என்ற சகோதரர் இருவர் இப்பள்ளத்தாக்கிற் பயிர் செய்தும் குதிரை வளர்த்தும் வாழ்ந்தவர்கள். ஈவனுடைய இடம் இது. மரக்கட்டைகளை மூலைக்கு மூலை கவ்வவிட்டு அடுக்கிய வீடு, சில கொட்டில்கள். கோடரி விழுந்த தழும்பு கட்டைகளில் இன்னும் தெரிகின்றது. ஆணி மிகக் குறைவு. பைன்கள் முற்றத்தின் ஓரம்வரை வந்திருந்தன. எங்களைத் தவிர வேறொருவரும் அங்கில்லை. ஏரிக்கரையிலே படமெடுக்க வரிசையில் நின்ற கூட்டத்தில் நூற்றிலொரு பங்கும் இங்கு வருவதில்லைப் போலும்.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது, நாற்சார் வீடு. 1990 இல், எனக்குப் பதினொரு வயதில், போர் காரணமாக எல்லோருமாய் வெளியேறினோம். 2016 இல் அவ்வளவுக்குள் மீண்டும் கால் வைத்தவன், குடும்பத்தில் நான் ஒருவனே. தாயும் தந்தையும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டனர். தமையனார் அந்த ஆண்டு தொலைபேசியில், “வீடு நிற்கிறதா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். அதற்குமேல் அவர் கேட்டதில்லை. ஒன்பது ஆண்டுகளாக நானும் சொன்னதில்லை.

மோபர்லி வீட்டு வாசலில் இருந்த கட்டையொன்றில் அவர் அமர்ந்தார். அண்ணியாரும் மகளும் நதிக்கரைப் பக்கம் போயிருந்தனர்.

“தம்பி, எங்கள் வளவில் இப்பொழுது என்ன மரங்கள் நிற்கின்றன?” என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். கிணற்றடியில் ஒரு பெரிய வேம்பு. அது நாங்கள் நட்டதன்று, காகம் நட்டது. மேற்கு வேலியில் ஐயா கதியால் போட்ட பூவரசுகளும் கிளுவைகளும் வேலியை மறந்து பெருமரங்களாகிவிட்டன. அவற்றின் வரிசையைக் கொண்டுதான் எல்லையைக் கண்டுபிடித்தேன். நடுமுற்றம் இருந்த இடத்தில் இப்பில் மரங்கள் கைவிட முடியாத நெருக்கம். அடுக்களைப் பக்கம் வடலிகள் ஏழு. மாமரம்?

“மாமரம் பட்டுவிட்டதா?” என்று அவரே கேட்டார்.

“கறுத்தக்கொழும்பான் நிற்கிறது, அண்ணை. காய்த்துமிருந்தது.”

“வெட்டவில்லையே?”

“இப்பிலை மாத்திரம் வெட்டினேன். மற்றதெல்லாம் நிற்கிறது.”

“கிணறு?”

“இறைத்துத் துப்புரவாக்கியாயிற்று. தண்ணீர் நல்லது.”

அவர் கையை நீட்டி, தாம் அமர்ந்திருந்த கட்டையின் வெட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “வருகிற சித்திரைக்கு மாம்பழம் இருக்குமா?” என்றார். சித்திரையில் இருக்காது, ஆனிக்கு வரவேண்டும் என்றேன்.

பட்டினத்துக்குத் திரும்பியபோது இரவு எட்டரை மணி. அந்நாட்டுக் கோடையில் அப்பொழுதும் வெளிச்சம் இருந்தது. முதல்நாள் பார்த்த வெறுங் காணிகளுக்கு அருகே, எழும்பிக்கொண்டிருந்த வீடொன்றின் கூரைச் சட்டத்தில் இரண்டு தச்சர் ஏறியிருந்து ஆணியடித்துக்கொண்டிருந்தனர். கீழே தெருவோரப் புல்லில் எல்க் மான் ஒன்று கன்றுடன் படுத்திருந்தது. சுத்தியற் சத்தத்துக்கு அதன் காது மாத்திரம் அசைந்தது. பெறாமகள் முப்பது மீற்றர் கணக்குப் பார்த்துக் காரைத் தள்ளி நிறுத்தினாள்.